விசாரிக்க வந்த பெண்

புரட்டாசி 22

குழாயில் தண்ணீர் வந்து, எல்லாக் குடமும் நிறைவதற்குள் நின்றுவிட்டது. காளீஸ்வரிக்கு எலுமிச்சைச் சாதம் கட்டிக் கொடுத்தேன். எட்டு மணி பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

வெயில் ஏறிய பிறகு ஒரு பெண் ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். கழுத்தில் அட்டை, கையில் பலகை மாதிரி பெரிய போன்.

"பாட்டி, காளீஸ்வரி வீடு இதுதானே? என் பேரு ஜெபராணி. யுனிவர்சிட்டில ஆராய்ச்சி பண்றேன். உங்க பேத்தி காலேஜ்ல முதல் வருசப் பிள்ளைங்களப் பத்தி வீடு வீடாக் கேட்டுக்கிட்டு வாரேன்."

நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். உட்கார்ந்ததும் கேட்க ஆரம்பித்துவிட்டாள். ஸ்கூட்டிச் சத்தம் கேட்டால் பக்கத்து வீட்டுப் பஞ்சவர்ணத்துக்கு இருப்புக் கொள்ளாது. அரிசி புடைத்துக்கொண்டிருந்த சுளகோடு வந்து நின்றவள், காப்பி போடுகிற சாக்கில் என்னை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"சீனியக்கா, இது ஆராய்ச்சியும் இல்ல, ஒண்ணும் இல்ல. மாப்பிள்ளை வீட்டுக்காரக அனுப்பிச்ச ஆளு. என் நாத்தனா மகளுக்கும் இப்படித்தான், கொசு மருந்து அடிக்கணும்னு ஒருத்தி வந்து வீட்டுல ஆளு எத்தனை, பொண்ணு என்ன பண்ணுதுன்னு கேட்டுட்டுப் போனா. மறுமாசமே தாம்பூலத்தோட வந்து நின்னாக."

எனக்கும் அப்படித்தான் பட்டது. படிப்பைப் பற்றி விசாரிக்க வந்தவள், பிள்ளை சரியாகச் சாப்பிடுகிறாளா, கோபப்படுவாளா, யாரோடு பழகுகிறாள், தனியாக உட்கார்ந்து அழுவாளா என்றெல்லாம் எதற்குக் கேட்க வேண்டும்? என்னைப் பெண் பார்க்க வருவதற்கு முன்னாலும் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவன் என்று ஒரு ஆள் தெருவுக்கு வந்து விசாரித்துவிட்டுத்தான் போனான்.

காளி டிகிரி முடிக்காமல் கழுத்தை நீட்ட விடமாட்டேன். அது வேறு. ஆனால் கேட்டு வந்தவர்களிடம் நம் வீட்டுப் பெண்ணைக் குறைத்துச் சொல்ல முடியுமா?

"என் மகன் சொக்கநாதனும் மருமகளும் திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்காக. இவளப் பால்குடி மறந்ததுல இருந்து வளத்தது நான்தான் தாயி. பன்னெண்டாவதுல இவதான் பள்ளிக்கூடத்துலயே முதல். இப்ப பிஎஸ்சி இயற்பியல். எங்க வம்சத்துல காலேஜ் வாசல மிதிச்ச முத ஆளு."

"காலேஜ்ல ஏதாவது கஷ்டம்னு சொன்னாளா பாட்டி? தமிழ்ல படிச்சிட்டு வந்த பிள்ளைங்களுக்கு எல்லாம் இங்கிலீஷ்ல நடத்துறது…"

"அவளுக்கா? தண்ணி பட்ட பாடு."

"படிப்பை விட்டுறலாம்னு எப்பவாவது?"

"சேச்சே."

அந்தப் பெண் போனைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "பாட்டி, மூத்த பிள்ளைங்கள வெச்சு சாயங்காலம் உதவி வகுப்பு ஆரம்பிக்கிறாங்க. கூடவே உக்காந்து தமிழ்லயும் சொல்லிக் குடுப்பாங்க. இடம் கொஞ்சம்தான். யாருக்கு ரொம்பத் தேவையோ அவங்களுக்குத்தான் முதல்ல. அதுக்குத்தான் கேக்குறேன். குறைன்னு நினைக்காதீங்க."

என்ன சாமர்த்தியமாக வாயைக் கிளறுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். பிடி கொடுக்கவில்லை. "எங்களுக்கு ஒரு குறையும் இல்ல தாயி" என்றேன். பள்ளிக்கூடத்தில் வாங்கிய கேடயத்தை எடுத்துக் காட்டினேன். காப்பியைக் குடித்துவிட்டுப் போனாள். நல்ல பெண். கழுத்தில் ஒரு மெல்லிய சங்கிலிகூட இல்லை.

புரட்டாசி 23

நேற்று வந்தவளைப் பற்றிக் காளியிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "நீ என்ன சொன்ன அப்பத்தா?" என்றாள். சொன்னேன். சரி என்று முகம் கழுவப் போனாள். தண்ணீர் விழும் சத்தம் நெடுநேரம் கேட்டது.

ஐப்பசி 9

முருங்கைக்கீரை ஆய்ந்தேன். கால்வலித் தைலம் தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.

உதவி வகுப்பு என்று அந்தப் பெண் சொன்னது நிஜமாகவே நடக்கிறதாம். காளியோடு பஸ்ஸில் போகிற அன்புச்செல்வியின் பேர் அதில் வந்திருக்கிறது. உன் பேர் என்று கேட்டேன். "நமக்கெல்லாம் தேவையில்லையாம்" என்றாள் காளி. என் பேத்திக்குத் தேவையில்லை என்று காலேஜே சொல்லிவிட்டது. குழாயடியில் எல்லோருக்கும் சொன்னேன். அன்புச்செல்வியின் அம்மா முகம் சுண்டிப் போயிற்று. பாவம், அவளும் நல்ல பிள்ளைதான். மூளை கொஞ்சம் மந்தம் போல.

ஐப்பசி 16

தீபாவளிக்கு மகனும் மருமகளும் வந்தார்கள். "எப்படிம்மா படிக்கிறா?" என்று சொக்கநாதன் என்னைத்தான் கேட்டான், அவளைக் கேட்கவில்லை. "கவலையே படாத" என்றேன். காளி புதுச் சுடிதாரைப் போட்டுக்கொண்டு முறுக்கு பிழிந்தாள். அப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவனுக்குப் போன் வந்துவிட்டது.

கார்த்திகை 12

பரீட்சை நடக்கிறது. விளக்கேற்றும்போது அவள் பேர் சொல்லி ஒரு அகல் கூடுதலாக வைத்தேன்.

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது தெருவுக்கே கேட்கும்படி வாய்விட்டுப் படிப்பாள். இப்போது உதடுகூட அசைவதில்லை. பெரிய படிப்பு, மனதுக்குள் படிப்பதுதான் முறையாக இருக்கும்.

மார்கழி 20

பூசணிப் பூ கிடைக்கவில்லை. வெறும் கோலம்.

தேர்வு முடிவு எப்போது வரும் என்று பஞ்சவர்ணம் தினமும் கேட்கிறாள். அவள் மகன் மாரிராஜ் அதே காலேஜில் இரண்டாம் வருசம். "அவன் பேரு போர்டுல வந்திருக்காம்ல" என்கிறாள். எந்தப் போர்டு, எதற்கு என்று கேட்டால் மட்டும் சொல்லத் தெரியவில்லை. "உங்க மாப்பிள்ளை வீட்டுக்காரக எங்கக்கா, வழி தெரியாம சுத்துறாகளா?" என்று வேறு கேலி.

தை 5

"எல்லாம் பாஸ்தான்" என்றாள் காளி. பால்கோவா வாங்கித் தெருவில் கொடுத்தேன். சொக்கநாதனுக்குப் போன் போட்டுச் சொன்னேன், கம்பெனியில் எல்லோருக்கும் சொல்கிறேன் என்றான். காளிக்குத் தலைவலி. பால்கோவாவைத் தொடவில்லை.

தை 19

நூலகம் போனேன். புத்தகம் மாற்றவில்லை.

தை 20

துணி துவைத்தேன். வெயில் நன்றாக இருந்தது. வெண்டைக்காய்ப் பொரியல்.

தை 27

காளி வந்ததும், "இன்னைக்கு என்ன நடத்துனாக ஆத்தா?" என்று கேட்டேன். ஒளி கண்ணாடியில் பட்டுத் திரும்புவதைப் பற்றி அழகாகச் சொன்னாள். சாப்பாட்டு டப்பாவைப் பார்த்தேன். எப்போதும் பருக்கை ஒட்டிக்கொண்டு வரும். இப்போதெல்லாம் கழுவித் துடைத்தே வருகிறது.

சொக்கநாதன் போன் பண்ணினான். நன்றாக இருக்கிறாள் என்றேன்.

மாசி 3

எழுதாமல் விட்டால் நடக்காதது போல ஆகிவிடும் என்று இருந்தேன். ஆகவில்லை.

தை 19 அன்று நூலகத்தில் பெண்கள் பகுதிக் கடைசி நாற்காலியில் காளீஸ்வரி இருந்தாள். காலேஜ் பை மடியில். முன்னால் விரித்து வைத்த பத்திரிகையில் கண் இல்லை, சுவரில் இருந்தது. காலேஜ் நடக்கிற நேரம். நான் அலமாரி மறைவில் நின்றேன். நூலகர் அம்மா என்னைப் பார்த்துவிட்டு மெல்லிய குரலில், "உங்க பேத்தியாம்ல. பொங்கல் கழிஞ்சதுல இருந்து தினமும் வருது. சத்தமே கிடையாது, தங்கமான பிள்ள" என்றார். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். கொண்டுபோன புத்தகம் கையிலேயே இருந்ததை வீட்டு வாசலில்தான் பார்த்தேன்.

இன்று கேட்டுவிட்டேன். பூண்டு உரித்துக்கொண்டிருந்தோம். அவள் முகத்தைப் பார்க்காமல், "நூலகத்துல காத்தாடி சரியாச் சுத்துதா?" என்றேன்.

அவள் கை நின்றது. பிறகு மறுபடி உரித்தாள்.

"நாலு பேப்பர் போச்சு அப்பத்தா."

அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சமாதானம் சொல்லத் தெரிந்திருக்கும்.

"முதல் மாசம் லேப்ல ஸ்க்ரூ கேஜ் எடுத்துட்டு வான்னு சொன்னாங்க. திருகு அளவியத்தான் அப்படிச் சொல்றாங்கன்னு எனக்குத் தெரியல. அது என் கையிலதான் இருந்துச்சு. கையில வெச்சுக்கிட்டே அலமாரில போய்த் தேடுனேன். யாரும் சிரிக்கக்கூட இல்ல. சார் 'என்னம்மா தேடுற'ன்னுதான் கேட்டாரு. ஒண்ணுமில்ல சார்னு சொன்னேன். அதுல இருந்து எல்லாத்துக்கும் ஒண்ணுமில்ல சார்தான்."

"கேட்டிருக்கலாமே ஆத்தா. தெரியலன்னு சொல்லியிருக்கலாமே."

"ஸ்கூல் ஃபர்ஸ்டு எப்படி அப்பத்தா தெரியலன்னு சொல்றது?"

உரித்த பல்லைக் கிண்ணத்தில் போட்டாள்.

"அந்த ஜெபராணி அக்கா காலேஜ்லயும் எங்ககிட்ட எழுதி வாங்குனாங்க. நீ என்ன சொன்னியோ அதத்தான் நானும் எழுதினேன். ஒரு குறையும் இல்லன்னு."

குற்றமாகச் சொல்லவில்லை. வீட்டு வழக்கத்தைச் சொல்கிற மாதிரி சொன்னாள்.

பிறகு, திருப்பூருக்குப் போய் அம்மாவோடு கம்பெனியில் சேர்ந்துகொள்கிறேன் என்றாள். பங்குனி பிறந்ததும் போவதாக முடிவே பண்ணி வைத்திருக்கிறாள். "எல்லார்கிட்டயும் படிப்புல இஷ்டமில்லன்னு சொல்லிக்கலாம் அப்பத்தா. பெயிலுன்னு சொல்ல வேண்டாம்."

மாசி 6

மிளகாய் காயப் போட்டேன். அவள் துணிகளை மடித்து வேறாக வைக்கிறாள். நான் பார்க்கும்போது நிறுத்திவிடுகிறாள்.

மாசி 11

ஜெபராணி மறுபடி வந்தாள். நல்ல வெயில். பஞ்சவர்ணம் புளி கொட்டை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக் கூடத்தில்தான் இருந்தாள். காளி இன்று வீட்டில். உடம்பு சரியில்லை என்று பஞ்சவர்ணத்திடம் சொல்லி வைத்திருந்தேன். ஸ்கூட்டிச் சத்தம் கேட்டதும் காளி உள்ளறைக்குப் போனாள். கதவு முழுதும் சாத்தவில்லை. கீழே அவள் கால்விரல்கள் தெரிந்தன.

"காளீஸ்வரி காலேஜுக்கு ஒழுங்கா வருதா பாட்டி?"

கேட்ட விதத்திலேயே இவளுக்கு எல்லாம் தெரியும் என்று புரிந்துவிட்டது. இருந்தும் எனக்கு வாயில் வந்தது, "போறாளே. ரெண்டு நாளா உடம்பு சரியில்ல" என்பதுதான். அவளும் மறுத்துப் பேசவில்லை. விரலால் தொட்டுக் குறித்துக்கொண்டாள். களைத்துப் போயிருந்தாள். தண்ணீர் கேட்டாள்.

குடித்துவிட்டு, "பாட்டி, மார்க்கும் வருகையும் என்கிட்டயே இருக்கு. அதுக்காக நான் வரல" என்றாள். "ஏன்னுதான் எனக்குத் தெரியணும். எந்த வீட்டுலயும் ஏன்னு சொல்ல மாட்டேங்குறாங்க. உடம்பு சரியில்ல, வீட்டுல வேலை, இல்லன்னா பிள்ளைக்கு இஷ்டமில்ல. இத எழுதி எழுதிக் கை வலிக்குது. உதவி வகுப்புல சேந்த பிள்ளைங்க வீட்டுலயும் குறையில்லங்குறாங்க, சேராத வீட்டுலயும் குறையில்லங்குறாங்க. அப்ப அந்த வகுப்பு யாருக்கு என்ன செஞ்சுச்சுன்னு நான் எத வெச்சுச் சொல்றது? படிக்க இஷ்டமில்லாத பிள்ளைங்களுக்கு வகுப்பு எதுக்கு, அடுத்த வருசம் நிறுத்திருவோம்னு மேல பேசிக்கிறாங்க."

இஷ்டமில்லை என்று அவள் சொன்னதும் எனக்கு வேறு ஒரு குரல் கேட்டது. என் அம்மா குரல்.

அஞ்சாம் வகுப்பு முடிந்து நான் பள்ளிக்குப் போகாமல் நின்றபோது பெரிய வாத்தியார் வீட்டுக்கு வந்தார். "கஷ்டம்னா சொல்லுங்கம்மா, விடுதியில சேத்து விடுறேன், சாப்பாடு துணியெல்லாம் அங்கேயே" என்றார். அப்பாவுக்கு இருமல், தறி நின்றுபோயிருந்தது. அன்று காலையில் நாங்கள் யாரும் சாப்பிடவில்லை. அம்மா தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு, "எங்களுக்கு என்ன சார் குறை? பிள்ளைக்குத்தான் படிப்புல இஷ்டமில்ல" என்றாள். அவர் கைக்குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் கதவுக்குப் பின்னால்தான் நின்றேன். எனக்கு இஷ்டமில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

அம்மாவை நான் குறை சொல்லியதில்லை. இப்போதும் சொல்லவில்லை.

உள்ளறைக் கதவின் கீழே பார்த்தேன். விரல்கள் அங்கேயே இருந்தன.

"அம்மணி, நான் சொன்னத அழி" என்றேன்.

பஞ்சவர்ணம் புளியைக் கையில் வைத்தபடி நிமிர்ந்தாள். இவள் காதில் விழுந்தால் சாயங்காலத்துக்குள் குழாயடிக்குப் போய்விடும். போகட்டும் என்று சொன்னேன் என்று எழுதினால் பொய். இருந்தும் சொன்னேன்.

"என் பேத்திக்கு உடம்பு நல்லாத்தான் இருக்கு. ஒரு மாசமா அவ காலேஜுக்குப் போகல. நூலகத்துல போய் உக்காந்திருக்கா. அவளுக்கு இஷ்டமில்லாம இல்ல. தமிழ்ல படிச்சிட்டுப் போனவ, அங்க பேசுறது புரியல. புரியலன்னு சொல்லவும் அவளுக்கு வரல. அத எங்க வீட்டுல யாரும் அவளுக்குச் சொல்லிக் குடுக்கல. போன தடவ நீ கேட்டப்பக் குறையில்லன்னு சொன்னது நான். நான் சொன்னதக் கேட்டுத்தான அவளுக்கு இடம் குடுக்காம விட்டீக. ஒன்ன மாப்பிள்ளை வீட்டு ஆளுன்னு நெனச்சேன் தாயி. நாலு பாடத்துல பெயிலு. எழுதிக்க."

ஜெபராணி எழுதவில்லை. என்னையே பார்த்தாள்.

கதவு திறந்தது. காளி வந்து நிலைப்படியில் நின்றாள்.

"நாலு இல்ல அப்பத்தா. அஞ்சு" என்றாள். "தமிழ் மட்டும்தான் பாஸ்."

பால்கோவா கொடுத்த நாளிலிருந்து இன்றுவரை என்னைக் கண்ணுக்கு நேராகப் பார்த்து அவள் பேசியது இதுதான் முதல் தடவை.

ஜெபராணி நகர்ந்து இடம் விட்டாள். காளி அவள் பக்கத்தில் உட்கார்ந்து, திருகு அளவியிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாகச் சொன்னாள். எனக்குப் பாதி விளங்கவில்லை. அந்தப் பெண் இப்போது எழுதினாள், நிறைய எழுதினாள்.

போகும்போது, "இந்த வருசம் இடம் கிடைக்குமான்னு தெரியல பாட்டி. கேட்டுப் பாக்குறேன்னுதான் சொல்ல முடியும்" என்றாள். "எங்க தப்பும் இருக்கு. வீட்டுல சொன்னத மட்டும் வெச்சு இடம் குடுத்திருக்கக் கூடாது."

பஞ்சவர்ணம் புளியைச் சுளகோடு எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மாசி 12

குழாயடிக்குப் போகக் கால் வரவில்லை. போனேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதைப் பார்த்தால் எல்லோருக்கும் தெரியும் என்று அர்த்தம்.

சொக்கநாதனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவன் மிஷின் சத்தத்தை விட்டு வெளியே வந்தது கேட்டது. பிறகு, "கம்பெனிக்கு வர வேணாம்னு சொல்லும்மா அவகிட்ட" என்றான். நீயே சொல்லு என்று போனை அவள் கையில் கொடுத்தேன்.

மத்தியானம் பஞ்சவர்ணம் வந்தாள். சும்மா உட்கார்ந்திருந்தாள். மோர் கொடுத்தேன். எழுந்திருக்கும்போதுதான் சொன்னாள்.

"அக்கா, அந்தப் புள்ள திரும்ப வந்தா எங்க வீட்டுக்கும் ஒரு எட்டு வரச் சொல்லுங்க."

"மாரிராஜ் பேருதான் போர்டுல வந்திருக்கே."

"அது வருகை பத்தாதவங்க பேரு போடுற போர்டு, அக்கா" என்றாள். "காலேஜ்ல இருந்து போன் பண்ணிக் கேட்டப்ப நானும் தங்கமான பையன், ஒரு குறையும் இல்லன்னுதான் சொன்னேன்."

மாசி 14

காளி எட்டு மணி பஸ்ஸுக்குப் போனாள். எங்கே போகிறாய் என்று நான் கேட்கவில்லை. உதவி வகுப்பில் இன்னும் இடம் சொல்லவில்லை. அன்புச்செல்வி, தனக்குச் சொல்லிக் கொடுக்கிற அக்காவிடம் பேசியிருக்கிறாளாம், ஓரமாக வந்து உட்காரச் சொல்லியிருக்கிறார்களாம். அந்தப் பிள்ளையைப் போய் மந்தம் என்று எழுதி வைத்திருக்கிறேன்.

டப்பாவில் தயிர்ச்சாதம்.

பதினோரு மணிக்கு நூலகம் போனேன். நேராகப் பெண்கள் பகுதிக்குப் போனேன். கடைசி நாற்காலி காலியாக இருந்தது. அதில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். சுவரில் பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை.

புத்தகம் மாற்றிக்கொண்டு வந்தேன்.